ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு நாவலை முழுதாக வாசிப்பது பற்றி

கேள்வி: தமிழாசிரியை, இராயபுரம்

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு நாவலை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்களும், செய்ய வேண்டாம் என்று கருதுபவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாவல் எதற்கு என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். பாடநூலில் ஒவ்வோர் இயலிலும் விரிவானம் என்ற பகுதி இருக்கிறது. அதில் வரும் கதைகளைப் பிள்ளைகள் ஆவலோடுதான் படிக்கிறார்கள். ஆனால் அவை மூன்று, நான்கு பக்கங்களில் முடிந்துபோகின்றன. நல்லவர் நல்லவராகவும் தீயவர் தீயவராகவும் அறிமுகமாகி, அப்படியே விடைபெற்றுக்கொள்கிறார்கள். நாவலிலோ முதல் அத்தியாயத்தில் எரிச்சலூட்டிய ஒருவர்மேல் பத்தாவது அத்தியாயத்தில் இரக்கம் பிறக்கிறது. போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு பழைய சாவி அறுபது பக்கங்களுக்குப் பிறகு கதையையே திருப்பிப் போடுகிறது. நேற்றுப் படித்ததை நினைவில் வைத்திருந்து, நாளை என்ன நடக்கும் என்று ஊகித்து, அந்த ஊகம் பொய்யாகும்போது பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தைச் சிறுகதையால் அவ்வளவாகத் தர முடிவதில்லை. பன்னிரண்டு வயதில்தான் பிள்ளைகள் தம்மைச் சுற்றியுள்ள பெரியவர்களை எடைபோடத் தொடங்குகிறார்கள் என்பதால், இன்னொருவர் மனத்துக்குள் நெடுநேரம் தங்கியிருக்க அது பொருத்தமான பருவம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

தயக்கங்களும் இருக்கின்றன. ஒரே வகுப்பில் நாளிதழைத் தடையின்றி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் சிலர் தெருவில் சரளமாகத் தமிழ் பேசினாலும், அச்சிலுள்ள தமிழைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த நிலையில் நானே உரக்க வாசித்துக் காட்டுவதா, அவர்களையே வாசிக்கச் சொல்வதா? ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று பத்தி பத்தியாக வாசிக்கும் வழக்கத்தில் எனக்கு விருப்பமில்லை. ஒரு மாணவன் திணறிக்கொண்டு நிற்கும்போது, மற்றவர்கள் எல்லாரும் தமக்கு வரப்போகும் பத்தி எது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

நூல் தேர்விலும் குழப்பம் இருக்கிறது. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ என் மனத்தில் இருக்கிறது. அளவில் சிறியது, பறவைகளையும் மரஞ்செடிகளையும் பார்த்துத் திரியும் ஒரு சிறுவனின் உலகம் அது. ஆனால் கரிசல் வட்டார வழக்கு இராயபுரத்துப் பிள்ளைகளுக்குப் பிடிபடுமா என்று தெரியவில்லை. கல்கியின் சரித்திர நாவல் ஒன்றை எடுத்தால் சுவைக்குக் குறைவிராது என்றாலும், பக்கங்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. போதாக்குறைக்கு, இந்த வாசிப்பு, பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டில் எந்தக் கட்டத்தில் வரும் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.


மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேற்கு மாம்பலம்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்வேன்: நீங்களே வாசியுங்கள். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்ணால் வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு கூடுதல். எழுத்துக் கூட்டி வாசிக்கும் மாணவனுக்கு அவன் வாசிக்கக்கூடிய நூலைத்தான் கொடுப்போம் என்று பிடிவாதமாக இருந்தால், ஏழாம் வகுப்பிலும் அவன் நரியும் காகமும் கதையோடு நிற்க நேரிடும். பன்னிரண்டு வயதுக்குரிய அறிவும் கோபமும் வெட்கமும் உள்ளவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. நீங்கள் வாசித்துக் காட்டும் அந்த அரை மணி நேரத்தில் வகுப்பின் முதல் மாணவியும் அவனும் ஒரே கதையைச் சரிசமமாகக் கேட்கிறார்கள். அடுத்தது என்ன என்று ஊகிப்பதில் அவன் முந்திக்கொள்ளவும் கூடும்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் மலைப்பு குறையும். 40 நிமிடப் பாடவேளையில் வருகைப் பதிவும் சலசலப்பு அடங்குவதும் போக 30 நிமிடம் தேறும். பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வைத்தால் 15 பக்கங்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினால் 30 பக்கங்கள்; பிள்ளைகள் இடையிடையே கேட்கும் கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால் 150 பக்க நாவலை ஆறு, ஏழு வாரங்களில் முடிக்கலாம். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவே அந்த அளவு வாரங்கள் உண்டு. சென்னையில் அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், விடுமுறை நாட்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழை விடுமுறையால் வாசிப்பு கெட்டுவிடாது, திரும்பி வந்ததும் “எங்கே விட்டோம்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லித் தமக்குள் சண்டையிட்டுக்கொள்வார்கள். கடைசியில் நூலைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். பாடநூலின் எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது.

நூல் தேர்வில் நான் கல்கியின் பக்கம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் என்பதால் அதை விட்டுவிடுங்கள். ‘பார்த்திபன் கனவு’ மூன்று பாகங்களில் முடிகிறது. கல்கி இதழில் தொடர்கதையாக வந்தது என்பதால், ஓர் அத்தியாயத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் அடுத்த வாரம் வரை தவித்துக்கொண்டிருப்பார் என்பதை அறிந்தே அவர் எழுதியிருக்கிறார். பாடவேளை மணி அடிக்கும் இடத்துக்கு அதைவிட வாகான அமைப்பு கிடைக்காது. அந்தச் சிவனடியார் யார் என்று பிள்ளைகள் சந்தேகிக்கத் தொடங்கும் கட்டத்துக்கு வந்ததும், நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஒரே கடமை. கதையில் வரும் மாமல்லபுரம் நமக்குப் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பதும் ஒரு வசதி.

வாசிக்கும்போது ஒவ்வொரு கடினச் சொல்லுக்கும் நிறுத்திப் பொருள் சொல்ல வேண்டாம். ‘கப்பம்’ என்றால் என்ன என்று தெரியாவிட்டால் பார்த்திபன் ஏன் போருக்குப் போகிறான் என்பதே விளங்காது; ஆகவே அதை வாசிப்பதற்கு முன்பே கரும்பலகையின் ஓரத்தில் எழுதி விளக்கிவிட வேண்டும். வருணனையில் வரும் அணிகலன் பெயர் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பாத்திரங்களின் பெயர்களை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, யார் யாருக்கு என்ன உறவு என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்லுங்கள். சரித்திர நாவலில் மாறுவேடங்கள் அதிகம் என்பதால், அந்தக் கோடுகளை அழித்து அழித்து வரைய வேண்டியிருக்கும்.

இறுதியாக ஒன்று: ‘இந்நாவல் உணர்த்தும் நீதி யாது?’ என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த அன்றே பிள்ளைகள் கதையைக் கேட்பதை விட்டுவிட்டு நீதியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். “அவர் ஏன் அப்படிச் செய்தார்?”, “நீங்களாக இருந்தால்?” என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே ஒரு முழு நாவலையும் கடந்துவிடலாம்.


மறுமொழி: பட்டதாரி ஆசிரியர், அம்பத்தூர்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியை ஏற்க இயலவில்லை. முழு நாவலையும் ஆசிரியரே வாசித்துக் காட்டுவது, வளர்ந்த பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவதைப் போன்றது; வயிறு நிறையும், கை பழகாது. நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கற்பிப்பவன். கதை கேட்பதில் பேரார்வம் கொண்ட மாணவர்கள்கூட வினாத்தாளில் பத்து வரிப் பத்தி ஒன்றைத் தாமாக வாசித்து விடை எழுதச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிடுவதைப் பார்க்கிறேன். கேட்டுப் புரிந்துகொள்வது வேறு, அச்சில் ஓடும் வாக்கியத்தின் எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலை வரை கண்ணை நகர்த்துவது வேறு. நம் மொழியில் நீண்ட வாக்கியத்தின் வினை கடைசியில்தான் வருகிறது. அதுவரை மற்ற எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு போகும் வலு, கண் பழகினால்தான் வரும்.

அதற்காக உரக்க வாசிப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. அத்தியாயத்தின் முதல் பாதியை ஆசிரியர் வாசிக்கட்டும். அப்போது இருவருக்கு ஒரு படியாவது பிள்ளைகளின் கையில் இருந்து, குரலோடு கண்ணும் நகரட்டும். கதை சூடு பிடிக்கும் இடத்தில் ஆசிரியர் நிறுத்திவிட்டு, மீதியை அவரவர் மௌனமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் துடிப்பு இருக்கும்போதுதான் திணறி வாசிப்பவனும் அந்தத் திணறலைப் பொறுத்துக்கொள்வான். மிகவும் பின்தங்கியவர்களுக்கு முதல் நாளே, “நாளைக்கு இந்த எட்டு வரி உன்னுடையது” என்று குறித்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பலமுறை வாசித்துப் பழகி வந்து மறுநாள் வகுப்பில் தடையின்றி வாசிக்கும் மாணவனுக்கு, அவனைப் பற்றி மற்றவர்கள் கொண்டிருக்கும் எண்ணம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி நிறுத்துவதைத்தான் ஒழிக்க வேண்டும். அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கிடைத்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அமைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டும் நிலையில் உள்ள பிள்ளைகள் நாவல் வாசிப்புக்கு இணையாக இவற்றையும் வாசித்துக்கொண்டு வரலாம்; ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கருத வேண்டாம்.

மதிப்பீடு பற்றி உங்கள் தலைமையாசிரியருக்குச் சொல்ல வழி இருக்கிறது. வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்களில் 20 செயல்பாடுகளுக்கு உரியவை. நாவலின் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு எழுதும் கடிதம், கதை நடக்கும் ஊரின் வரைபடம், ஓர் உரையாடலை நடித்துக் காட்டுதல் ஆகிய எதை வேண்டுமானாலும் அந்தச் செயல்பாடாகக் கொள்ளலாம். கடிதம் எழுதச் சொல்வதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. கதையைக் கேட்காதவரால் அதை எழுத முடியாது. கோனார் உரையைப் பார்த்தும் எழுத முடியாது.


மறுமொழி: கிளை நூலகர், வடசென்னை

படிகள் கிடைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கற்பிக்கும் முறையைப் பற்றி ஆசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும்.

கிளை நூலகம் ஒன்றில் ஒரே தலைப்பில் ஒன்றிரண்டு படிகளுக்கு மேல் இருப்பது அரிது. ஆகவே, இருவருக்கு ஒரு படி என்று திட்டமிட்டால் நூலகத்தை மட்டும் நம்ப முடியாது. என்றாலும் பள்ளிக்கு அருகிலுள்ள கிளை நூலகரைப் பார்த்துப் பேசுங்கள். வேறு கிளைகளில் அந்த நூல் இருக்கிறதா என்று அவரால் விசாரித்துச் சொல்ல முடியும். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி நம் ஊரில் சொத்து வரி கட்டுபவர் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகச் சேர்த்துத்தான் கட்டுகிறார் என்பதால், கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறாருக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வகுப்பை அழைத்துப் போவதற்கு முன், எந்த நூலை எடுப்பது என்று முடிவு செய்யவாவது நீங்கள் ஒருமுறை போய் அமர்ந்து புரட்டிப் பார்க்கலாம்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டிருக்கின்றன. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. தேவையான அத்தியாயத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. எழுத்து அளவைப் பெரிதாக்கி, பத்திகளுக்கு இடையே இடம் விட்டு அச்சிட்டால், சிற்றெழுத்துப் பதிப்பைக் கண்டு மிரளும் பிள்ளைகள்கூட வாசிப்பார்கள். பதிப்புரிமை உள்ள நூல்களின் நிலை வேறு. கற்பித்தலுக்காக ஆசிரியர் படியெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான். அதற்காக, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு சிறார் எழுத்தாளரின் முழு நாவலையும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகிப்பது அழகாகாது. பெரும்பாலான சிறார் நாவல்கள் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு படிகளாக மொத்தமாக வாங்குவதாகப் பதிப்பகத்துக்கே தொலைபேசியில் சொன்னால் கழிவு தருவார்கள். சனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கும் புத்தகக் காட்சி உங்கள் திட்டத்துக்குத் தாமதம். அடுத்த ஆண்டுக்கான நூல்களை அங்கே 10 விழுக்காடு கழிவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நூல் தேர்வு என் வேலை இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் பேசும்போது கல்கிக்கும் கி.ரா.வுக்கும் அப்பால் வருவதில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள தமிழ் நூல்களையாவது ஒருமுறை பாருங்கள். 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ எங்கள் நூலகத்தில் அலமாரிக்குத் திரும்புவதே இல்லை. ஜெயமோகன் சிறுவர்மணியில் தொடராக எழுதிய ‘பனிமனிதன்’ நாவலைத் தேடி எட்டாம் வகுப்புப் பையன்கள் வருகிறார்கள். ஆசிரியர் படித்திராத நூலைப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து கதை சொல்வதும் நல்லதுதானே.


மறுமொழி: ஏழாம் வகுப்பு மாணவியின் தாய், வேளச்சேரி

நான் ஆசிரியை இல்லை. என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடித்துவிடுகிறாள்; தமிழில் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுகிறாள். கடந்த கோடை விடுமுறையில் அவளுடைய தாத்தா, மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் தொடங்கி, தினமும் இரவு உணவுக்குப் பின் ஒரு நாவலை உரக்க வாசித்துக் காட்டினார். அதில் நான் கவனித்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கதை சொல்பவரின் நடை எழுத்துத் தமிழில் இருந்தபோது அவள் முகத்தில் ஒரு விலகல் தெரிந்தது; பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் சிரித்தாள், குறுக்கே பேசினாள். பிறகு அதே உரையாடலை நூலில் காட்டியபோது அவளால் வாசிக்க முடியவில்லை. ‘போயிட்டு வர்றேன்’ என்பது காதுக்கு அன்றாடம் பழகிய பேச்சு. அச்சில் பார்த்தால் அவள் பாடநூலில் ஒருபோதும் கண்டிராத எழுத்துக் கோவை. எனவே வட்டார வழக்கில் எழுதிய நாவல் கடினமா, எளிதா என்ற கேள்விக்கு, யார் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விடை சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. தாத்தா திருநெல்வேலிக்காரர் என்பதால் எங்களுக்கு அந்த ஒலி வீட்டிலேயே கிடைத்தது.


மறுமொழி: தமிழாசிரியை, இராயபுரம்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வேளச்சேரித் தோழி எழுதியதைப் படித்த பிறகு என் குழப்பத்தில் ஒரு பகுதி நீங்கிவிட்டது. ‘பிஞ்சுகள்’ நாவலை நான் இதுவரை பிள்ளைகளின் கண்ணைக் கொண்டே அளந்துகொண்டிருந்தேன். கரிசல் பேச்சைக் காதால் கேட்கும்போது, பேச்சுத் தமிழையே அறிந்த என் தெலுங்கு, உருது வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பாடநூல் உரைநடையைவிட நெருக்கமாக இருக்கவும் கூடும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் பகுதியில் மொட்டைமாடிகளில் புறா வளர்ப்பவர்கள் ஏராளம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் மாணவன் ஒருவன் வானத்தில் பறக்கும் கூட்டத்தை அண்ணாந்து பார்த்து, எது கர்ணப் புறா, எது ஹோமர், எது இன்றைக்குக் கூட்டுக்குத் திரும்பாது என்று சொல்லிவிடுவான். பறவைகளைப் பற்றி ஒரு சிறுவன் அறிந்துவைத்திருப்பவை நிறைந்த ஒரு நாவலை வாசிக்கும்போது, அந்த வகுப்பில் விளக்கம் சொல்லும் இடத்தில் அவன்தான் இருப்பான். ஊர்ப் பறவைகளுக்கு அங்கே வழங்கும் பெயர்கள் எனக்கே சில தெரியாது. அவனும் நானும் சேர்ந்தே ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே அரையாண்டுக்கு முன் ‘பிஞ்சுகள்’, சனவரிக்குப் பின் பிள்ளைகளுக்கு விருப்பம் இருந்தால் ‘பார்த்திபன் கனவு’ என்று முடிவு செய்திருக்கிறேன். மாம்பலத்து ஐயாவின் கணக்குப்படியே பார்த்தாலும் கல்கியின் மூன்று பாகங்கள் ஒரு பருவத்துக்குள் அடங்காது என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். முறையைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரங்கள் நானே வாசித்து அந்தப் பேச்சின் ஒலியைப் பிள்ளைகளின் காதில் ஏற்றிவிட்டு, அதன்பின் அம்பத்தூர் ஆசிரியர் சொன்னபடி பிற்பாதியை அவர்களிடம் விடப்போகிறேன். பெயர்ச் சார்ட்டும் கடிதமும் உண்டு. நீதி கேட்கப்போவதில்லை.

நூலகர் ஐயா குறிப்பிட்ட ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றி மட்டும் ஒரு கேள்வி. குழந்தைகள்மீதான பாலியல் துன்புறுத்தலைப் பேசும் நாவல் அது என்பதால், வகுப்பில் வாசிக்க வேண்டிய நூல் என்றும் அதனாலேயே வாசிக்கத் தயக்கமாக இருக்கிறது என்றும் ஒருசேரத் தோன்றுகிறது. யாரேனும் வகுப்பில் வாசித்திருக்கிறீர்களா?


மறுமொழி: பட்டதாரி ஆசிரியர், அம்பத்தூர்

வாசித்திருக்கிறேன், அம்மா, வாசிக்கவும் வேண்டும். ஆனால் நாவலைத் தொடங்குவதற்கு முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். தலைமையாசிரியரிடமும் பெற்றோர் கூட்டத்திலும் நூலின் பொருளை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அட்டையைப் பார்த்துப் பொம்மைக் கதை என்று நினைத்துவிட்டுப் பிறகு வந்து சண்டையிடுவதைவிட அது மேல். வாசிக்கும் நாளில் பிள்ளைகள் யாரும் சொந்த அனுபவத்தை வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்படும்படி கேள்வி கேட்காதீர்கள். பாத்திரத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். வாசித்து முடித்த சில நாட்களுக்குள் ஒரு பிள்ளை உங்களைத் தனியே தேடி வரக்கூடும். அப்படி வந்தால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சார்ட்டின் மூலையில் முதல் நாளே எழுதி வையுங்கள். எதற்காக என்று அன்றைக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்வதற்கு ஓர் ஆசிரியைக்கு வகுப்பின் நம்பிக்கை தேவைப்படுகிறது. ‘பிஞ்சுகள்’ நாவலை அவர்களோடு வாசித்து முடித்த பின், மூன்றாம் பருவத்தில் கல்கியை எடுப்பதா, இதை எடுப்பதா என்பதை அப்போது முடிவு செய்யுங்கள்.


மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேற்கு மாம்பலம்

கல்கி தள்ளிப்போனதில் எனக்கு வருத்தமே என்றாலும், புறா வளர்க்கும் பையனுக்காக விட்டுக்கொடுக்கிறேன். ஒரு சிறு வேண்டுகோள்: கரிசல் பேச்சை வகுப்பில் முதன்முறையாக வாசித்துத் தடுமாறாதீர்கள். உங்கள் பள்ளியிலோ பக்கத்திலோ கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். முதல் இரண்டு அத்தியாயங்களை அவர் வாயால் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.